எண்பது மணி நேரத்தை யார் நிரூபிப்பது?

சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் உட்காருகிறேன். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவும் மேசை அது. அமெரிக்காவுக்கு வந்த புதிதில் எனக்கும் அப்படி ஒரு மேசையில்தான் ஒருவர் உதவினார். வரிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை, வாடகைத் தகராறு என்று பலதும் வரும். கொஞ்ச காலமாக அதிகம் வருவது ஒரே வகைக் கடிதம்: மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததற்கு ஆதாரம் காட்டுங்கள், இல்லையென்றால் உணவு உதவி நிறுத்தப்படும்.

அப்படி ஒரு கடிதத்துடன் வந்த பெண்மணிக்கு 57 வயது. முதியவர்களின் வீட்டுக்கே சென்று குளிப்பாட்டி, உணவூட்டி, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒரு நிறுவனத்தின் மூலமாகச் செய்கிறார். மணிக்கு 14 டாலர். சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சீட்டுகளை மேசைமேல் பரப்பி வாரவாரியாகக் கூட்டினோம். 22, 18, 14, 25. மொத்தம் 79. பதினான்கு மணி நேர வாரத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி கீழே விழுந்து மருத்துவமனையில் இருந்தாராம். பாட்டி வீட்டில் இல்லையென்றால் இவருக்கு வேலை இல்லை. மாதத்தின் கடைசி மூன்று நாள் கணக்கு அடுத்த சீட்டில் வரும். அந்தச் சீட்டு வருவதற்குள் கடிதம் கொடுத்த கெடு முடிந்துவிடும்.

அன்றிரவு வீட்டில் விதிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் அந்த ஒரு மணி நேரத்தைத் தேடியிருக்கவே வேண்டியதில்லை. ஃபுட் ஸ்டாம்ப் என்று இன்றும் எல்லோரும் அழைக்கும் ஸ்நாப் திட்டத்தின் சட்டத்தில், கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியை முப்பதால் பெருக்கிவரும் தொகையை, அதாவது 217 டாலர் 50 சென்ட்டை, வாரந்தோறும் சம்பாதிப்பவருக்கு வேலை நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. இவருக்கு வாரச் சராசரி 276 டாலர். மணியை எண்ண வேண்டாம், சம்பளத்தைப் பார்த்தாலே போதும். கடிதத்துடன் வந்த படிவத்தில் மணிக் கணக்கு எழுத நான்கு வரி இருந்தது. சம்பளத்தைச் சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை.

இந்த ஒரு சம்பவத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இதே கேள்வி இப்போது ஏறத்தாழ எல்லா மாநிலங்கள் முன்பும் பல மடங்கு பெரிதாக நிற்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் ஸ்நாப் நிபந்தனையின் வயது வரம்பை 54-இலிருந்து 64-க்கு உயர்த்தியது. மெடிகெய்ட் என்னும் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டிலும், ஒபாமா காலத்துச் சட்டத்தால் புதிதாகச் சேர்க்கப்பட்ட 19 முதல் 64 வயது வரையிலானவர்களுக்கு மாதம் 80 மணி நேரம் வேலை, பயிற்சி அல்லது சமூகப் பணி என்ற நிபந்தனையை நாடு முழுவதற்கும் விதித்தது. மாநிலங்கள் 2027 ஜனவரி 1-க்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். நிபந்தனை வேண்டுமா வேண்டாமா என்பது சட்டத்தில் முடிந்துபோன விஷயம். எப்படி நடத்துவது என்பதில்தான் மாநிலங்களுக்கு இடம் மிச்சமிருக்கிறது. அதில் எந்த வழியை எடுப்பது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில் நிபந்தனையை ஆதரிப்பவர்களின் வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பில் தெம்பு உள்ளவர் உழைத்துச் சாப்பிட வேண்டும் என்பது பணக்காரர்கள் மட்டும் சொல்லும் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மேசைக்கு வந்த அந்தப் பெண்மணியே சொன்னார்: “நான் முதுகு ஒடிய வேலை செய்கிறேன். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே அட்டையா?” இந்த உணர்வில் நியாயம் இருக்கிறது.

அவர்கள் காட்டும் வரலாறும் உண்டு. 1996 ஆகஸ்ட் 22 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், ஏழைத் தாய்மார்களுக்கு அதுவரை இருந்த பண உதவியை எடுத்துவிட்டு, வேலை நிபந்தனையும் வாழ்நாளில் ஐந்து ஆண்டு உச்சவரம்பும் கொண்ட புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. தொண்ணூறுகளில் தனித்து வாழும் தாய்மார்கள் பெருமளவில் வேலைக்குப் போனார்கள். இது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் பொருளாதாரம் நன்றாக ஓடியது. குறைந்த வருமானக்காரர்களின் சம்பளத்துக்கு மேல் அரசு கூட்டித் தரும் வரிச் சலுகை 1993-இல் பெரிதாக விரிவாக்கப்பட்டது. மூன்றையும் பிரித்து எது எவ்வளவு செய்தது என்று சொல்வது ஆய்வாளர்களுக்கே கடினம். பின்னால் நடந்தது மட்டும் தெளிவு. 1996-இல் வறுமையில் இருந்த ஒவ்வொரு 100 குடும்பத்திலும் 68 குடும்பங்களுக்கு இந்தப் பண உதவி கிடைத்தது. 2020-இல் அது 21 ஆனது. மாநிலங்களுக்குக் கொடுக்கப்படும் ஆண்டுத் தொகை 1,650 கோடி டாலர் என்று அன்று நிர்ணயித்தது நிர்ணயித்தபடியே நின்றது. விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு கரைந்தது. உதவி பெறுவோர் எண்ணிக்கை குறைந்தால், மாநிலம் எத்தனை பேரை வேலையில் ஈடுபடுத்த வேண்டும் என்ற இலக்கும் தளர்த்தப்படும் என்ற விதி வேறு. ஒருவரை வேலையில் சேர்த்தாலும் பட்டியலிலிருந்து வெறுமனே நீக்கினாலும் மாநிலத்துக்கு ஒரே பலன்.

நிபந்தனை பலன் தந்த இடமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மின்னசோட்டா மாநிலம் 1994-இல் ஒரு சோதனை தொடங்கியது. நீண்ட நாள் உதவி பெறுவோர் வேலை தேடும் சேவைகளில் பங்கெடுப்பது கட்டாயம். ஆனால் வேலை கிடைத்ததும் உதவியை ஒரேயடியாக வெட்டவில்லை. சம்பளத்தோடு சேர்த்து உதவியின் ஒரு பகுதியும் தொடர்ந்தது. வேலைக்குப் போனவர்களும் கூடினார்கள், அவர்கள் கையில் வந்த பணமும் கூடியது. கட்டாயத்துடன் காசும் சேர்ந்து வந்ததால் கிடைத்த பலன் அது. இன்றைய மெடிகெய்ட் நிபந்தனையில் அந்த இரண்டாவது பாதி இல்லை.

இனி மாநிலங்கள் முன்னால் இருக்கும் வழிகளுக்கு வருகிறேன். நடந்து பார்த்த வழிகள் என்பதால் ஊகிக்க வேண்டியதில்லை.

பயனாளியே மாதாமாதம் கணக்குக் கொடுக்கும் வழியை ஆர்க்கன்சா 2018 ஜூனில் தொடங்கியது. முதலில் 30 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்கு. ஒவ்வொரு மாதமும் செய்த 80 மணி நேரத்தை அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் இணையதளத்தில் பதிய வேண்டும். மூன்று மாதம் தவறினால் அந்த ஆண்டு முடியும்வரை காப்பீடு இல்லை, திரும்பச் சேரவும் முடியாது. தொடக்கத்தில் இணையதளம் ஒன்றே வழி. கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரி வேண்டும், தபாலில் வந்த குறியீடும் வேண்டும். அந்த இணையதளம் இரவு 9 மணிக்கு மூடப்பட்டுக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். உணவகத்தில் இரவு பாத்திரம் கழுவிவிட்டுப் பத்து மணிக்கு வீடு திரும்புகிறவர் தன் உழைப்பைப் பதிய, உழைத்த அசதியோடு மறுநாள் காலை எழுந்தாக வேண்டும். அதுவும் வீட்டில் இணையம் இருந்தால். கிராமப்புற ஆர்க்கன்சாவில் பல வீடுகளில் அது இல்லை.

டிசம்பருக்குள் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். தொலைபேசியில் பதியலாம் என்று மாநிலம் வழி திறந்ததே டிசம்பரில்தான். 2019 மார்ச்சில் கூட்டரசு நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது. அதன்பின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு என்னை இன்றும் உறுத்துகிறது. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏற்கனவே அதை நிறைவேற்றிக்கொண்டிருந்தார்கள், அல்லது விலக்குக்கு உரியவர்கள். மூன்றில் ஒருவருக்கு அப்படி ஒரு நிபந்தனை இருப்பதே தெரியாது. வேலையில் இருப்போர் எண்ணிக்கையோ கூடவில்லை. அதாவது வேலை செய்யாதவர்களைப் பிடிக்க வீசிய வலையில், வேலை செய்துகொண்டே காகிதம் கொடுக்காதவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள். நியூ ஹாம்ப்ஷயரும் 2019-இல் தொடங்கிப் பார்த்தது. முதல் மாதக் கணக்கிலேயே சுமார் 17,000 பேர் காப்பீட்டை இழக்கும் நிலை வந்தபோது, யாரையும் நீக்குவதற்கு முன்பே மாநிலம் தானாக நிறுத்திக்கொண்டது. அந்த நிதானத்தைப் பாராட்டுகிறேன்.

இரண்டாவது, வாசலிலேயே ஆதாரம் கேட்கும் வழி. ஜார்ஜியா 2023 ஜூலையில் இதைத் தொடங்கியது. உள்ளே வந்தவரை வெளியேற்றும் கொடுமை இதில் குறைவு. ஏனென்றால் ஆதாரம் இல்லாதவர் உள்ளேயே வர முடியாது. முதல் ஓராண்டில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 4,300 பேர். மாநிலம் எதிர்பார்த்ததோ அதைப் போலப் பல மடங்கு. இணைய அமைப்புக்கும் நிர்வாகத்துக்கும் ஆன செலவு, மருத்துவத்துக்கு ஆன செலவைவிட அதிகம் என்று கூட்டரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2025-இல் காட்டியது. வேலைக்குப் போக முடியாமல் பிள்ளைகளையோ பெற்றோரையோ பார்த்துக்கொள்பவர்களுக்கு ஜார்ஜியா தொடக்கத்தில் விலக்கே தரவில்லை. இந்த வழியைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நோயாளி வந்தால் கொடுப்பதற்கென்று ஒதுக்கிய பணம் கணினிக்குப் போன கதை இது.

மூன்றாவது மான்டானா காட்டிய வழி. மெடிகெய்டை விரிவாக்கியபோதே, 2016-இலிருந்து, அதில் சேர்ந்தவர்களுக்கு வேலை தேடித் தரும் திட்டம் ஒன்றை மாநிலத் தொழிலாளர் துறை நடத்தியது. கட்டாயம் இல்லை. உங்களுக்கு வேலை கிடைப்பதில் என்ன தடை என்று கேட்பார்கள். பயிற்சியா, சான்றிதழா, போக்குவரத்தா என்று பார்த்து அதற்கு உதவுவார்கள். விரிவாக்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே குறைந்த வருமானக்காரர்களிடையே வேலையில் இருப்போர் விகிதம் உயர்ந்தது. முழுப் பெருமையும் இந்தத் திட்டத்துக்கே என்று நான் சொல்ல மாட்டேன். காப்பீடு கிடைத்து உடம்பு தேறியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வேலைக் கணக்குக் கொடுக்கவில்லை என்பதற்காக யாருடைய காப்பீடும் போகவில்லை. இரண்டு மாநிலங்களின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கு ஆர்க்கன்சாவின் வழியைத் தேர்வு செய்ய என்ன காரணம் மிஞ்சும் என்று எனக்குப் புரியவில்லை.

மான்டானாவின் வழி மட்டும் போதும் என்று மாநிலங்கள் இனி இருக்க முடியாது. சட்டம் நிபந்தனையைக் கட்டாயமாக்கிவிட்டது. எனவே உண்மையான போட்டி, முதல் வழிக்கும் நான்காவதான ஒன்றுக்கும் இடையில்தான்: பயனாளியிடம் கேட்பதற்கு முன் மாநிலம் தன் கையில் உள்ள பதிவுகளைத் தானே பார்ப்பது.

இதற்குப் புதிய சட்டமே வாசல் திறந்திருக்கிறது. கிடைக்கும் தகவல்களைக் கொண்டு முடிந்தவரை மாநிலமே சரிபார்க்க வேண்டும் என்கிறது. 80 மணி நேரத்துக்குப் பதிலாக, மாத வருமானம் கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலியின் 80 மடங்காக, அதாவது 580 டாலராக இருந்தால் போதும் என்றும் சொல்கிறது. மணிக்கு 14 டாலர் வாங்குகிறவருக்கு அது 42 மணி நேரத்திலேயே வந்துவிடும். மணி நேரத்தை எண்ணினால் ஒன்று குறைந்து தோற்கிறவர், வருமானத்தைப் பார்த்தால் மூன்றாவது வாரத்திலேயே தேறிவிடுகிறார். ஒரே சட்டம், ஒரே உழைப்பு. எந்தக் கட்டத்தைப் படிவத்தில் முதலில் அச்சிடுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

வருமான விவரமும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. வேலையிழப்புக் காப்பீட்டுக்காக ஒவ்வொரு முதலாளியும் தன் தொழிலாளர்களின் ஊதியத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநிலத்துக்கு அனுப்புகிறார். ஸ்நாப் திட்டத்தில் ஏற்கனவே நிபந்தனையை நிறைவேற்றியவரின் கோப்பு பல மாநிலங்களில் மெடிகெய்டைக் கவனிக்கும் அதே துறையிடமே இருக்கிறது. மாணவர் என்றால் கல்லூரியிடம் கேட்கலாம். நீடித்த நோய் என்றால் மெடிகெய்டே பணம் கொடுத்த மருத்துவமனை ரசீதுகள் உள்ளன. வயதுவந்த மெடிகெய்ட் பயனாளிகளில், முதியோர் காப்பீடோ ஊனமுற்றோர் உதவியோ பெறாதவர்களை எடுத்துக்கொண்டால், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேலையில் இருக்கிறார்கள். நோய், படிப்பு, வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்வது ஆகிய காரணங்களால் வேலை செய்யாதவர்களையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். இவர்களில் பெரும்பாலோரைக் கடிதம் அனுப்பாமலே தேற்றிவிட முடியும் என்றால், அதற்கு முயலாமல் எல்லோர் வீட்டுக்கும் கடிதம் அனுப்புவதை நிர்வாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. முதலாளிகளின் பதிவு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது; போன வாரம் வேலையில் சேர்ந்தவர் அதில் இருக்க மாட்டார். ஊபர் ஓட்டுகிறவர், வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்து ரொக்கமாக வாங்குகிறவர், தோட்டம் வெட்டுகிறவர் ஆகியோரின் வருமானம் பெரும்பாலும் அந்தப் பதிவில் வராது. பருவகால வேலையாட்களுக்கு ஆறு மாதச் சராசரி என்று சட்டம் சொன்னாலும் கணினியில் அதை எழுதி வைக்க வேண்டும். தகவல் விற்கும் தனியார் நிறுவனங்களிடம் வாங்கலாம். அதற்கு விலை உண்டு, தவறும் உண்டு. ஆகையால் மாநிலத்தின் பதிவில் தேறாதவரை உடனே தவறியவராகக் கருதாமல், அப்போதுதான் அவரிடம் கேட்க வேண்டும். தபால், தொலைபேசி, நேரில் என்று எல்லா வழியிலும் பதில் சொல்ல விட வேண்டும். இதற்கு ஊழியர்கள் வேண்டும், செலவாகும். முன்பு கென்டக்கி தன் திட்டத்தை நடத்த 27 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. எந்த வழியிலும் செலவு இருக்கிறது. ஆர்க்கன்சா வழியில் அதன் பெரும்பகுதி பயனாளியின் தலையில் ஏறியது.

இன்னொரு தேர்வு, யாரும் அதிகம் பேசாதது. விண்ணப்பிப்பதற்கு முன் எத்தனை மாத வேலையைப் பார்ப்பது என்பதை மாநிலமே முடிவு செய்யலாம்: ஒன்று, இரண்டு அல்லது மூன்று மாதங்கள். சேர்ந்த பின், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியைச் சரிபார்த்தே ஆக வேண்டும். அதற்கு இடையிலும் பார்க்கலாம் என்பது மாநிலத்தின் விருப்பம். வேலை போனதால்தான் ஒருவர் மெடிகெய்ட் கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்று கேட்கும் மாநிலத்தில், இரண்டு மாதம் முன்பு ஆலை மூடப்பட்டவர் வாசலிலேயே நிற்பார். ஒரு மாதம் கேட்கும் மாநிலத்தில், பழைய சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே விண்ணப்பித்தவர் உள்ளே வந்துவிடுவார். நான் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் ஒரு மாதம் என்றே எழுதுவேன்; ஆறு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஒரு நாளும் கேட்க மாட்டேன். வேலையின்மை 8 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள மாவட்டங்களுக்கு விலக்குக் கோரும் உரிமையையும் மாநிலம் விட்டுவிடக் கூடாது.

நூறு நாள் வேலைத் திட்டத்தை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும்: உழைத்தால்தான் உதவி என்கிற அரசு, வேலையைக் கொடுக்கிறதா? இல்லை. கேட்டவருக்கு வேலை கொடுப்பது அரசின் கடமை என்ற அடிப்படையில் நம் ஊர்த் திட்டம் எழுந்தது. இங்கே 80 மணி நேரத்தைக் கேட்கும் சட்டத்தில் ஒரு மணி நேர வேலைக்கும் உத்தரவாதம் கிடையாது. அமெரிக்காவுக்கு அது தெரியாத விஷயமும் அல்ல. 1935 முதல் 1943 வரை ரூஸ்வெல்ட் அரசு 85 லட்சம் பேரைச் சாலை, பள்ளி, பூங்கா கட்டும் வேலைகளில் அமர்த்தியது. இன்று எந்த மாநிலத்தின் மேசையிலும் அந்த வழி இல்லை.

நிபந்தனையால் 2034-க்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. அது நாடு முழுவதற்குமான மொத்தக் கணக்கு. எந்த மாநிலத்தில் எத்தனை பேர் என்பது மேலே சொன்ன தேர்வுகளைப் பொறுத்தது. வர்ஜீனியாவில் ஸ்நாப் நிபந்தனையை ஆராய்ந்தவர்கள், அதற்கு உட்பட்டவர்களில் உதவி பெறுவோர் பாதிக்கு மேல் குறைந்ததையும், வேலை கூடியதற்கு அடையாளம் இல்லாததையும் கண்டார்கள். அதிகம் அடிபட்டவர்களில் வீடற்றவர்கள் இருந்தார்கள். கடிதம் எந்த முகவரிக்குப் போகும்?

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்மணி மறுபடி வந்தார். விதியின் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதி, சம்பளச் சீட்டுகளின் நகலை இணைத்து, கெடுவுக்கு முதல் நாள் நேரில் கொடுத்திருந்தோம். உணவு உதவி தொடர்கிறது. கையில் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். எப்போது போனேன், எப்போது வந்தேன் என்று தினமும் எழுதி, பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் கையெழுத்து வாங்குகிறாராம். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பாட்டிக்குக் கை நடுங்குகிறது. கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியே ஓடியிருந்தது. இது வேண்டாம், சம்பளமே போதும் என்று மீண்டும் சொன்னேன். மெடிகெய்டுக்கும் கேட்பார்களாமே, எதற்கும் இருக்கட்டும் என்றார். அவரும் மெடிகெய்டில்தான் இருக்கிறார். அந்தப் பாட்டியைப் பார்த்துக்கொள்ள நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பதும் மெடிகெய்டே. அவர் எத்தனை மணி நேரம் அந்த வீட்டில் இருந்தார் என்பது, நிறுவனம் பணம் கேட்டு அனுப்பிய ரசீதில், அந்த மாநிலத்திடமே ஏற்கனவே இருக்கிறது.